குஞ்சின் நிறத்தை நம்பி ஏமாறுகிறவர்களுக்கு

கோழி வளர்க்கத் தொடங்கி ஒரு வருடமே ஆன இளைஞர் ஒருவர் அண்மையில் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே முந்தைய நாள் பொரித்த ஒன்பது கருங்குஞ்சுகள். "தலையில் வெள்ளைப் பொட்டு இருக்கிற ஐந்தும் சேவல், மற்ற நான்கும் பெட்டை. சரிதானே, ஐயா?" என்றார். "தகப்பன் எது?" என்று கேட்டேன். "நம் வீட்டிலேயே பிறந்த வரிச் சேவல்!" என்றார் பெருமையாக. எனக்குப் பழைய எரிச்சல் ஒன்று கிளம்பிவிட்டது. அதுதான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

கூமுட்டையை அடை வைப்பது, குஞ்சைப் பூனைக்குக் காவு கொடுப்பது போன்றவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஒரு முறை பட்டால் புத்தி வந்துவிடும். நிறக் கணக்கில் செய்யும் தவறு அப்படியல்ல. நான்கைந்து மாதம் தீனி போட்ட பிறகுதான் அது தன் முகத்தைக் காட்டும்.

தலைப்பொட்டை வைத்து எப்போதும் சேவல், பெட்டை பிரிப்பது

பொட்டை வைத்துப் பிரிக்கலாம் என்பது பொய்யில்லை. ஆனால் எந்தச் சோடிக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வரிக்கோழியின் வரிக்கு, அதாவது இறகில் குறுக்கே ஓடும் வெள்ளைக் கோடுகளுக்கு, காரணமான மரபணு ஆண், பெண்ணை முடிவு செய்யும் குரோமோசோம்களில் ஒன்றான இசட்டில் இருக்கிறது. சேவலுக்கு இரண்டு இசட். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. மனிதர்களுக்கு நேர்மாறாக, இங்கே குஞ்சு ஆணா பெண்ணா என்று முடிவு செய்வது தாய். தாய் தன் ஒரே இசட்டை மகனுக்குத்தான் தரும். மகளுக்குப் போவது டபிள்யூ. ஆகவே வரிப் பெட்டையைக் கருஞ்சேவலோடு விட்டால், தாயின் வரி மகன்களுக்கு மட்டும் போகும். கருங்குஞ்சில் அது உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். பொட்டு இருந்தால் சேவல், இல்லாவிட்டால் பெட்டை.

முதல் வருடம் நான் செய்தது இதைத்தான். ஒரு கருஞ்சேவல், மூன்று வரிப் பெட்டைகள். ஒரு குஞ்சுகூடப் பிசகவில்லை. தலைக்கனம் ஏறியது. பொட்டோடு பிறந்தவற்றில் தோள் அகன்ற, வரி தெளிந்த ஒருவனை அடுத்த வருடத்துக்கு நிறுத்திக்கொண்டு, வேறு கருப்புப் பெட்டைகளோடு விட்டேன். 24 குஞ்சுகள் பொரித்தன. 13 குஞ்சுகளுக்குப் பொட்டு, 11 குஞ்சுகளுக்கு இல்லை. எப்போதும் போலப் பாதிக்குப் பாதி. சேவல்கள் நமக்கு எதற்கு என்று அந்தப் பதின்மூன்றையும் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, பதினொரு 'விடைக்கோழி'களுக்குப் பார்த்துப் பார்த்துத் தீனி போட்டேன்.

நான்காம் மாதம் ஒரு விடியற்காலையில், துருப்பிடித்த கதவுக் கீலைத் திறந்தாற்போல் ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் என் 'பெட்டை' ஒன்று கழுத்தை நீட்டிக் கூவப் பழகிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிடித்து முதுகின் கடைப்பகுதியை விரித்துப் பார்த்தேன். ஆறுக்குச் சேவலின் கூர் இறகுகள் வந்திருந்தன. அதற்கும் இரண்டு மாதம் கழித்து அக்கா ஒரு கிண்ணத்தில் முட்டைகளோடு வந்தார். "தம்பி, நீ கொடுத்த சேவல்கள் முட்டை இடுகின்றனவே!" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். அதுதான் இன்னும் வலிக்கிறது.

நடந்தது இதுதான். நான் நிறுத்திய மகனுக்கு ஒரு இசட்டில் வரி, மற்றொன்றில் வரி இல்லை. அவன் வரி உள்ள இசட்டை மகன்களில் பாதிக்கும் தருவான், மகள்களில் பாதிக்கும் தருவான். தகப்பனின் எந்த இசட் வந்தது என்பதை மட்டுமே பொட்டு சொல்லும். குஞ்சு ஆணா பெண்ணா என்று சொல்லாது. இரண்டு இசட்டிலும் வரி உள்ள சேவலாக இருந்திருந்தால் எல்லாக் குஞ்சுக்கும் பொட்டு வந்திருக்கும், நானும் விழித்துக்கொண்டிருப்பேன். இந்தப் பாதிக்குப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கிறது.

வரி தாயிடம் இருக்க வேண்டும், தகப்பனிடம் துளியும் இருக்கக் கூடாது, அதுவும் ஒரே ஒரு தலைமுறைக்குத்தான். தகப்பன் வெள்ளைச் சேவலாகவும் இருக்கக் கூடாது. வெள்ளை லெகார்ன் என்ற முட்டைக்கோழி இனத்தில் பலவற்றுக்கு வெள்ளைக்கு அடியில் வரி ஒளிந்திருக்கும். பொன் நிறச் சேவலையும் வெள்ளி நிறப் பெட்டையையும் சேர்த்து, செம்பழுப்புக் குஞ்சு பெட்டை, வெளிர்மஞ்சள் குஞ்சு சேவல் என்று பிரிப்பதும் இதே கணக்கு. அந்தப் பிள்ளைகளை ஒன்றோடொன்று விட்டுப் பேரக்குஞ்சுகளையும் அப்படியே பிரிக்க முயன்றால், அதே பள்ளம்.

தலைமுறை தலைமுறையாக நிறத்தால் பிரிக்க வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. பன்னெட் என்ற ஆங்கிலேய மரபியலாளர் 1929-இல் கேம்பார் என்ற இனத்தை அப்படி உருவாக்கிக் காட்டினார். குஞ்சுப் பருவத்து மென்மயிரான தூவி பழுப்பாக உள்ள இனத்தில் வரியை நிலைநிறுத்திவிட்டால், சேவல் குஞ்சுக்கு வரி இரு மடங்கு, பெட்டைக்கு ஒரு மடங்கு. அதனால் சேவல் குஞ்சு எப்போதும் வெளிறித் தெரியும். புழக்கடைக் கலப்புக் கூட்டத்தில் அது நடக்கிற காரியமில்லை.

அந்த இளைஞரிடம் ஒன்பது குஞ்சுகளுக்கும் காலில் வளையம் மாட்டி, ஒன்றையும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளையெல்லாம் ஒரே வெள்ளை என்று நினைப்பது

வெள்ளை லெகார்னின் வெள்ளை ஓங்கு பண்பு. மரபணுவின் ஒரு பிரதி போதும், பிள்ளைகள் வெள்ளையாகிவிடும். அங்கங்கே மைத் தெறித்தாற்போல் கரும்புள்ளி மட்டும் இருக்கும். அந்த மரபணு கருமையைத்தான் நன்றாக அமுக்கும், செம்மையை அவ்வளவாக அமுக்காது. செம்பெட்டைக்குப் பிறந்த வெள்ளைக் குஞ்சின் நெஞ்சில் காவி படர்வது அதனால்தான். பஞ்சு போன்ற இறகுள்ள சில்கி இனத்தின் வெள்ளையோ ஒடுங்கு பண்பு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் தெரியும். அதைக் கருஞ்சேவலோடு விட்டுவிட்டு, ஒரு வெள்ளைக் குஞ்சுகூட இல்லையே என்று சேவலையும் அடை முட்டையையும் சந்தேகித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு வெள்ளைகளையும் கலந்தால், பேரக்குஞ்சுகளில் சில நிறத்தோடு வந்து நிற்கும். வெள்ளை ஒரு திரை. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

சாம்பலும் சாம்பலும் சேர்ந்தால் சாம்பலே வரும் என்று கணக்குப் போடுவது

சராசரியில் பாதிதான் சாம்பல். கால்வாசி கருப்பு, கால்வாசி அழுக்கு வெள்ளையில் நீலச் சாம்பல் சிதறியவை. அந்தச் சிதறல் நிறத்தைக் கழிவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதைக் கருங்கோழியோடு விட்டால் அத்தனையும் சாம்பல். எட்டுக் குஞ்சுகளை வைத்துக்கொண்டு விகிதம் சரியில்லை என்று புலம்பவும் வேண்டாம். நாணயத்தை எட்டு முறை சுண்டினால் நான்கு தலை விழுந்தே தீரும் என்று யாரும் சொல்லவில்லை. லாவெண்டர் என்கிற சீரான வெளிர்சாம்பல் வேறு மரபணு, ஒடுங்கு பண்பு. அது மட்டும் தன்னோடு சேர்ந்தால் தன்னையே தரும்.

தூவிப் பருவத்திலேயே நிறத்துக்குப் பெயர் சூட்டுவது

வேண்டாம். ஐந்தாறு மாதம் பொறுங்கள்.

சுருள் இறகுக் கோழியைச் சுருள் இறகோடே சேர்ப்பது

கூடாது. கால்வாசிக் குஞ்சுகள் இறகு ஒடிந்து குளிரில் நடுங்கும்.

முட்டை ஓட்டின் நிறத்தை இறகில் தேடுவது

இறகு வேறு, ஓடு வேறு.

சேவலை மாற்றிய மறுவாரமே முட்டையைச் சேர்த்துவைப்பது

பெட்டை தன் உடலுக்குள் விந்தைச் சேமித்து வைக்கும். பழைய சேவல் போன பிறகும் இரண்டு, சில சமயம் மூன்று வாரம் வரை அதன் பிள்ளைகள் பிறக்கும். நான் நான்கு வாரம் விடுகிறேன்.

ஒரு காலத்தில் பத்து நாள்கூட விடவில்லை. செஞ்சேவலை அனுப்பிவிட்டு, சுத்தக் கருப்பு என்று சொல்லி ஒருவர் விற்ற சேவலை என் செம்பெட்டைகளோடு விட்டேன். பொரித்த குஞ்சுகளில் பாதி செம்பழுப்பு. மறைந்திருக்கும் மரபணுக்களைப் பற்றி நோட்டில் இரண்டு பக்கம் எழுதி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு, கலப்படச் சேவலைக் கொடுத்துவிட்டார் என்று விற்றவரிடம் சண்டைக்கே போனேன். அடுத்த மாதம் வைத்த அடையில் அத்தனையும் கருப்பு. அதற்குள் அவர் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்.