பிள்ளைத்தாச்சிக் காலோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

வயிற்றில் பிள்ளையோடு யாழ்ப்பாணம் போகப்போகிறேன் என்றால் எல்லோரும் விமானத்தைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். விமானம் பெரிய சிக்கலில்லை. 28 வாரம் தாண்டினால் பெரும்பாலும் டொக்டரின் கடிதம் கேட்பார்கள், 36 வாரத்துக்குப் பிறகு ஏற்றமாட்டார்கள். முழங்காலுக்குக் கீழே இறுக்கிப் பிடிக்கும் காலுறையைக் கட்டிலை விட்டு இறங்குமுன்பே போடுங்கள், வீங்கிய பிறகு அது ஏறாது. இடைக்கிடை எழும்பி நடங்கள். அதைவிடக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வான் வண்டியில் போகும் பயணம்தான் மோசம். விடியுமுன் போய்ச் சேரவேண்டுமென்று ட்ரைவர் நிற்காமல் ஓடுவார். புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று நிறுத்தும் இடங்களை ஏறுமுன் பேசிவிடுங்கள்.

கர்ப்பத்தில் கால் வீங்குவது வழமைதான். உடம்பில் நீரும் இரத்தமும் கூடுகிறது. பெருத்த கருப்பை, காலிலிருந்து மேலேறும் பெரிய நாளத்தை அழுத்துகிறது. ஊர் வெயிலும் சேர்ந்தால் இரத்தக்குழாய்கள் விரிந்து, நீர் கணுக்காலில் தங்கிவிடும். நடந்தால் கெண்டைத்தசை அதை மேலே தள்ளும். காலைத் தொங்கப்போட்டு இருந்தால் தள்ள ஆளில்லை. ஊரிலோ நாள் முழுக்க யாராவது ஒருவர் வீட்டில் காலைத் தொங்கப்போட்டபடிதான் இருப்போம். பெரியவர்களுக்கு முன்னால் கால் நீட்டக்கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள் அல்லவா! வெட்கப்படாமல் ஒரு ஸ்டூல் கேளுங்கள். நான் கேட்ட வீடுகளில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

ஆனால் காணி அலுவலாகப் போகும் இடங்களில் ஸ்டூல் கேட்க முடியாது. அப்பாவின் பங்குக் காணியைச் சித்தப்பாவின் மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுப்பதென்று முன்பே பேசியிருந்தோம். "ஒரு கையெழுத்துத்தானே பிள்ளை, அஞ்சு நிமிசம்" என்றார் சித்தப்பா. காலை ஒன்பது மணிக்கு காணி உறுதி எழுதும் நொத்தாரிஸின் வீட்டு விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினார்கள். உறுதியைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து, "தங்கச்சி, அவர் வரேல்லையோ?" என்றார். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்குள் வரும் மணமான பெண் தன் சொந்தக் காணியை எழுதிக்கொடுக்கவும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டுமாம். 1911ஆம் ஆண்டுச் சட்டம். காணி என்னுடையது, கையெழுத்து என்னுடையது, சம்மதிக்க வேண்டியது லண்டனில் நித்திரையாகக் கிடக்கும் மனுசன்! அங்கிருந்து என் பிறப்புப் பத்திரப் பிரதிக்குப் பிரதேச செயலகம். சாய மாட்டாத வாங்கு. "சாப்பாட்டுக்குப் பிறகு வாங்கோ." அப்புறம் அப்பாவின் மரணப் பத்திரத்தில் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதென்று கிராம சேவையாளரைத் தேடி ஓட்டோவில்.

பின்னேரம் செருப்பின் வார் தோலுக்குள் புதைந்து கிடந்தது. கழற்றிய பிறகும் அதன் அச்சு போகவில்லை. கணுக்காலை விரலால் அமர்த்தினேன். குழி விழுந்து மெல்ல மெல்லத்தான் நிரம்பியது. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சோடா வாங்கப் போனார். எரிச்சல்தான் வந்தது. ஆனால் எந்த வாயால் கோபிப்பது? 1995 இடப்பெயர்வோடு நாங்கள் வெளிக்கிட்டு வெளிநாடு போய்விட்டோம். ஓடில்லாத வீட்டுக்குத் திரும்பி வந்து, கிணறு இறைத்து, அப்பம்மாவைக் கடைசிவரை பார்த்தவர் அவர். அவரிடம் "கால் வீங்குது, ஏலாது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கும் வராது. ஆகவே காணி வேலை ஏதும் இருந்தால் போகுமுன்பே முடியுங்கள். உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தை நீங்கள் இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பலாம். தேசவழமை உங்களுக்குப் பொருந்துமா, கணவரின் சம்மதத்தை எப்படி எழுதவேண்டும் என்பதையும் நொத்தாரிசிடம் போனிலேயே கேளுங்கள்.

வீட்டில் மாமி பார்லித் தண்ணி காய்ச்சித் தருவார். குடியுங்கள், தாகத்துக்கு நல்லது. ஆனால் நீர் பிரியவென்று யாராவது கசாயமோ குளிசையோ தந்தால் டொக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். வீக்கத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கவும் வேண்டாம். காலைத் தலையணையில் உயர்த்தி இடப்பக்கமாகச் சரிந்து படுங்கள். மோதிரத்தை முதலே கழற்றி வையுங்கள். நல்லூர்க் கோயிலுக்கு மணல் சுடுமுன் போய்வாருங்கள்.

எனக்கு உண்மையான சுகம் தந்தது கீரிமலைக் கேணிதான். பெண்களுக்குத் தனிக் கேணி உண்டு. தண்ணீருக்குள் நின்றால் அதன் அழுத்தமே கால் நீரை மேலே தள்ளிவிடுகிறது. படி வழுக்கும், ஒருவரைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

முகமும் கையும் திடீரென வீங்கினால், விடாத தலையிடியும் கண்ணில் மின்னலும் வலது விலாவுக்குக் கீழே நோவும் வந்தால், அது பிரஷர் ஏறியதாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி நொந்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். இரண்டுக்கும் உடனே ஆஸ்பத்திரி. மூச்சு முட்டினால் யோசிக்கவே வேண்டாம், 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். "பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் வாறதுதான்" என்று சொல்ல ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. கேட்டுக்கொண்டே வெளிக்கிடுங்கள். கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம் சூட்கேசில் அல்ல, கைப்பையில் இருக்கட்டும். வழமையாக உங்கள் பிரஷர் எவ்வளவு என்பது அதில்தான் இருக்கிறது.