அத்தை வீட்டு டிவியில் அணைத்தவை

போன ஞாயிறு டர்பன் சாட்ஸ்வொர்த்தில் அத்தை வீட்டுப் புது டிவியை மாட்டிக் கொடுத்தேன். ஆன் செய்ததும் வரிசையாக ஒப்பந்தங்கள். "எல்லாத்துக்கும் ஓகே போடுப்பா, சீரியல் ஆரம்பிச்சிடும்" என்றார் அத்தை. அந்த ஓகேயில்தான் விஷயமே இருக்கிறது.

பல ஸ்மார்ட் டிவிகளில் ஏசிஆர் என்று ஒரு வசதி உண்டு. திரையில் ஓடுவதைத் துணுக்குத் துணுக்காக எடுத்து, கைரேகை மாதிரி ஒரு குறியீடாக்கி கம்பெனிக்கு அனுப்பும். அங்கே ஒப்பிட்டு, நாம் என்ன பார்க்கிறோம் என்று கண்டுபிடிப்பார்கள். 2024-இல் வந்த ஓர் ஆய்வில் எல்ஜி டிவி 15 நொடிக்கு ஒரு முறையும், சாம்சங் நிமிடத்துக்கு ஒரு முறையும் அனுப்பின. எச்டிஎம்ஐ வயரில் வருவதையும் விடவில்லை. ஆகவே "நான் டிகோடர் பெட்டியில் வரும் சேனலைத்தானே பார்க்கிறேன்" என்று நிம்மதியாக இருக்க முடியாது. நல்ல செய்தி, செட்டிங்கில் அணைத்ததும் அனுப்புவது நின்றது.

1. புது டிவி என்றால், பயன்பாட்டு விதிமுறைக்கு மட்டும் டிக் போடுங்கள். 'வியூவிங் இன்ஃபர்மேஷன்', 'இன்ட்ரஸ்ட் பேஸ்டு' விளம்பரம் இரண்டையும் காலியாக விடுங்கள். டிவி நன்றாகவே ஓடும்.

2. ஏற்கெனவே ஓகே போட்டாச்சா? சாம்சங்கில் செட்டிங்ஸுக்குள் பிரைவசி பகுதியில் 'வியூவிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்' இருக்கும். அணையுங்கள். எல்ஜியில் அதன் பெயர் 'லைவ் பிளஸ்'. ஜெனரல், சிஸ்டம், அடிஷனல் செட்டிங்ஸ் என்று உள்ளே போக வேண்டும். பெயரைப் பார்த்தால் ஏதோ இலவசச் சலுகை மாதிரி இருக்கிறது! மாடலுக்கு மாடல் இடம் கொஞ்சம் மாறும், பொறுமையாகத் தேடுங்கள்.

3. டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் தனிக் கணக்கு. ஃபயர் டிவியில் பிரிஃபரன்சஸ், பிரைவசி செட்டிங்ஸ் போய், டிவைஸ் யூசேஜ், ஆப் யூசேஜ், விளம்பரம் மூன்றையும் அணையுங்கள். கூகுள் டிவியில் பிரைவசிக்குள் 'ஆட்ஸ்' போய் விளம்பர ஐடியை அழியுங்கள்.

4. சாஃப்ட்வேர் அப்டேட் வந்தாலோ, ஃபேக்டரி ரீசெட் செய்தாலோ இதையெல்லாம் இன்னொரு முறை பாருங்கள்.

நம் தென்னாப்பிரிக்காவில் போபியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. என்னைப் பற்றிய தகவல் உங்களிடம் இருக்கிறதா என்று கம்பெனியைக் கேட்கலாம், அதற்குக் காசு கிடையாது.

இவ்வளவும் தலைவலி என்றால் இன்னொரு வழி: டிவிக்கு வைஃபையே கொடுக்காதீர்கள். அத்தை பார்ப்பது டிகோடர், பேரன் பார்ப்பது ஸ்டிக்கில் யூடியூப். கடைசியில் வைஃபை பாஸ்வேர்டை ஸ்டிக்குக்கு மட்டும் போட்டுவிட்டு வந்தேன்.