ஆணுறையைச் சோதித்து மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேருபவர்கள், நான் முதல் ஆண்டில் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும், கருவியின் அளவீட்டைச் சரிபார்க்க வேண்டும் என்பதெல்லாம் எவரும் சொல்லித் தருபவை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பேட்சுகளைக் கலப்பது

தயாரிப்பாளரே அனுப்பும் பெட்டி பொறுக்கி எடுத்து அனுப்பியதாக இருக்கலாம். ஆகவே, சார்பற்ற சோதனைக்கான மாதிரிகளைக் கடையில் பணம் கொடுத்து வாங்குவதே சரியான முறை. நானும் அப்படித்தான் பல மருந்துக் கடைகளில் ஏறி இறங்கி வாங்கி வந்து, 315 ஆணுறைகளை ஒரே தட்டில் கொட்டினேன். ஒரு பேட்சை, அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியை, துளைகளுக்காகச் சோதிக்க ஆணுறைகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 4074 குறைந்தபட்சமாகக் கேட்கும் எண்ணிக்கை அது. ஒவ்வோர் உறையிலும் 300 மில்லிலிட்டர் நீர் ஊற்றித் தொங்கவிட்டு, கசிவு கண்ணுக்குத் தெரியாதவற்றை வாய் முறுக்கி உறிஞ்சுதாளின்மேல் உருட்டியபோது, மூன்று உறைகள் தாளில் ஈரத்தடம் விட்டன. துளைகளுக்கான ஏற்பு வரம்பு 0.25 சதவீதம். இது நேரடிச் சதவீதக் கணக்கல்ல; அந்த வரம்புக்கான மாதிரி அட்டவணைப்படி 315இல் இரண்டு கசிந்தால் பேட்ச் தேறும், மூன்று கசிந்தால் தேறாது. ‘தேறவில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

தயாரிப்பாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: எந்த பேட்ச்? குப்பைக்கூடையிலிருந்து ஃபாயில் பொட்டலங்களை எடுத்து மேசையில் அடுக்கிப் பார்த்தபோது அவற்றில் ஏழு பேட்ச் எண்கள் இருந்தன. கசிந்த மூன்றும் ஒரே பேட்சைச் சேர்ந்தவையா, வெவ்வேறானவையா என்று சொல்ல வழியில்லை. ஏற்பு வரம்பு ஒரு பேட்சுக்கு உரியது. ஏழின் கலவைக்கு அது எதையும் சொல்லாது. ஒருமுறை நீர் ஊற்றிய உறையை மறுபடி சோதிக்கவும் முடியாது. அறிக்கையைத் திரும்பப் பெற்றோம். மூன்று வார உழைப்பும் வாங்கிய பணமும் போயின. இன்றளவும் என்னை உறுத்துவது பணம் அல்ல. அந்த ஏழில் உண்மையிலேயே பழுதான ஒரு பேட்ச் இருந்திருந்தால், அது எங்கள் கண்முன்னே கடைக்குத் திரும்பிப் போனதற்குச் சமம்.

சில்லறைக் கடையில் ஒரே பேட்சில் 315 கிடைக்காது. மொத்த விற்பனையாளரிடம் சென்று, பணம் கொடுப்பதற்கு முன்பே அட்டையில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து எண்ணி வாங்குங்கள். காற்றூதி வெடிக்கவைக்கும் சோதனைக்கு இன்னொரு 315 வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்ற மாதம் ஒரு பயிற்சியாளர் மூன்று பேட்சுகளை ஒரே கூடையில் போட்டு எடுத்து வந்தபோது, நான் கூடையை மேசைக்கே வரவிடவில்லை.

நகமும் மோதிரமும்

கையுறை போடாமல் எந்த உறையையும் விரிக்காதீர்கள்.

கனஅளவை மட்டும் பார்ப்பது

ஊதும்போது உறை தர்பூசணியைவிடப் பெரிதாக வீங்குவதைப் பார்த்ததும் ‘நல்ல வலிமை’ என்று குறித்துவிடுகிறார்கள். 50 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ, ஆனால் 56 மில்லிமீட்டருக்குக் குறைவாக அகலமுள்ள உறை 18 லிட்டர் கனஅளவைத் தாங்க வேண்டும் என்பது பாதி நிபந்தனைதான். வெடிக்கும் அழுத்தம் 1 கிலோபாஸ்கலுக்குக் குறையக்கூடாது என்பது மறுபாதி. தளர்ந்த லேடெக்ஸ் (உறையின் ரப்பர்) தாராளமாக வீங்கும், ஆனால் அழுத்தம் ஏறாது. இரண்டு எண்களையும் எழுதாத பதிவேடு எனக்கு வேண்டாம்.

எண்ணெய்க் கை

தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள். எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் வலுவிழக்கும்.

வழுவழுப்புக்கு மதிப்பெண் தருவது

லூப்ரிகன்டை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து மதிப்பெண் இடுவது பழக்கமாகிவிட்டது. நீர் அடிப்படையிலான லூப்ரிகன்டில் கிளிசரின் கூடக்கூட வழுக்கும் தன்மை நீடிக்கும்; கூடவே ஆஸ்மோலாலிட்டியும் (கரைந்த துகள்களின் செறிவு) ஏறும். அது மிகுந்தால் உடலின் உட்படலச் செல்களிலிருந்து நீரை உறிஞ்சி அவற்றைச் சேதப்படுத்தும். இதனால்தான் ஆணுறையோடு கூடுதலாகப் பயன்படுத்தும் லூப்ரிகன்டுகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட அறிவுரை, கிலோவுக்கு 1200 மில்லிஆஸ்மோலைத் தாண்டக்கூடாது என்றும், 380க்குள் இருப்பது நல்லது என்றும் கூறியது. விரலுக்கு இதம் தந்த பொருளைக் கருவியில் வைத்து அளந்த பிறகே மதிப்பெண் எழுதுங்கள்.

பாதுகாப்பையும் வசதியையும் கூட்டிச் சராசரி எடுப்பது

கசியும் பேட்சை அதன் மணமும் மென்மையும் மேலே தூக்கிவிடக்கூடாது. துளைச் சோதனையிலோ வெடிப்புச் சோதனையிலோ தேறாததற்கு நாங்கள் நட்சத்திர மதிப்பெண்ணே இடுவதில்லை. மணம், பொட்டலம் பிரிக்கும் எளிமை பற்றிய கருத்துகள் அறிக்கையின் தனிப் பக்கத்தில் இருக்கும்.