பேட் செத்துப்போன சாம்ப்ளரை உயிர்ப்பிச்ச கதை

செகண்ட் ஹேண்ட்ல ஒரு பழைய 16 பேட் சாம்ப்ளர் (வெட்டி எடுத்த சத்தத்தை, அதாவது சாம்பிளை, ரப்பர் பேடைத் தட்டி வாசிக்கிற பெட்டி) வாங்கினேன், வீட்டுக்கு கொண்டுவந்து பார்த்தா கிக் (பெரிய டிரம்மோட சத்தம்) போட்டு வச்ச பேடை குத்து குத்துன்னு குத்தினாத்தான் சத்தமே வருது, ஸ்னேர் (சுள்ளுன்னு கேக்குற சின்ன டிரம்) பேடை ஒருதடவை தட்டினா ரெண்டுதடவை அடிக்குது. ஹிப் ஹாப்ல இந்தப் பெட்டிய விரலால வாசிக்கணும்ங்க, 1988ல ரோஜர் லின் டிசைன்ல அகாய் கம்பெனியோட எம்பிசி60 சாம்ப்ளர் வந்தப்பவே 4க்கு 4ன்னு ரப்பர் பேடு வச்சது அதுக்குத்தான், மெதுவா தட்டினா மெதுவா கேக்கணும், ஓங்கித் தட்டினா ஓங்கிக் கேக்கணும். எல்லாம் ஒரே வால்யூம்ல வந்தா அது டைப்ரைட்டர்.

செட்டிங்ஸ்ல சென்சிடிவிட்டி ஏத்திப் பார்த்தேன், பெருசா ஒண்ணும் மாறல. சரின்னு பிளக்கைப் புடுங்கிட்டு (பவர் சப்ளை உள்ளயே இருக்கு, விளையாடாதீங்க) திறந்தா ரப்பருக்கு அடியில சென்சார் ஷீட் மேல ஒரே பிசுக்கு, கூடவே யாரோட முடியோ. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால துடைச்சு, நல்லா காஞ்சதும் ஒவ்வொரு பேடுக்கும் அடியில சின்ன சதுரமா இன்சுலேஷன் டேப் வெட்டி ஒட்டினேன். முதல்ல ரெண்டு லேயர் போட்டுட்டேன், தொடாமலே தானா அடிக்க ஆரம்பிச்சிடுச்சு, பேய் வீடு மாதிரி. ஒண்ணை உரிச்சதும் கிக் கும்முன்னு வந்துச்சு.

ஸ்னேர் மட்டும் அப்பவும் டபுள். அப்புறம் பார்த்தா பேட் மேல தப்பே இல்ல, ரெக்கார்ட்ல இருந்து சாம்பிள் வெட்டினப்போ அந்த டிரம்மர் பின்னாடியே லேசா தட்டின இன்னொரு அடியும் சேர்ந்து வந்திருக்கு, எண்ட் பாயிண்ட்டை (சாம்பிள் முடியுற இடத்தை) கொஞ்சம் முன்னாடி இழுத்தேன், போச்சு.