‘நானா, கடலா?’ என்று கேட்கும் படகு

உணர்வுள்ள இயந்திரம் கட்டப்போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதல் வேலையாக அதைப் பேச வைத்துவிடுகிறார்கள். “வலிக்குது” என்று சொல்ல ஒரு ஸ்பீக்கர் போதுமே. பேச்சைக் கடைசியில் வையுங்கள். தன் உடம்பு எது, வெளி எது என்று பிரிக்கத் தெரிவதுதான் முதல் படி, அதைப் பழக்க ஒரு சின்னப் படகும், ராமேஸ்வரம் பக்கத்து நம்ம மண்டபம் கரையும் போதும். இதனால் படகுக்கு உணர்வு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

தெர்மோகோல் பலகை, இடமும் வலமுமாக இரண்டு சின்ன மோட்டார், தண்ணீர் புகாத டப்பாவுக்குள் ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினி, பேட்டரி, அப்புறம் சாய்வையும் திருப்பத்தையும் அளக்கும் சென்சார். கைக்குழந்தை காலை உதைக்கிற மாதிரி மோட்டார்களைக் கண்டபடி ஓட்டுங்கள். எந்தக் கட்டளைக்கு எப்படி அசைந்தது என்ற பதிவை வைத்து, அடுத்த நொடி அசைவைக் கணிக்கும் சின்ன நியூரல் நெட்வொர்க் (பதிவுகளைப் பார்த்துக் கற்கும் மென்பொருள்) ஒன்றைப் பழக்குங்கள்.

இப்போது இடது மோட்டாரில் கொஞ்சம் பாசியைச் சுற்றிவிடுங்கள். கணிப்பு பிசகும். உடனே புதிதாகப் பழக விட்டீர்களோ கெட்டது, பெரிய அலை வந்தால்கூடத் தன் உடம்பு மாறிவிட்டதாக எடுத்துக்கொள்ளும். முதலில் அது சோதிக்க வேண்டும்: இடதை மட்டும் ஓட்டு, வலதை மட்டும் ஓட்டு, இரண்டையும் நிறுத்து. நிறுத்தியும் பிசகு நீடித்தால் கடல். இடது ஓடும்போது மட்டும் என்றால் உடம்பு. 2006இல் போங்கார்ட், ஸிகோவ், லிப்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் செய்த நாலுகால் ரோபோ, தன் உடம்பைப் பற்றிப் பல ஊகங்களை வைத்துக்கொண்டு, அவை எந்த அசைவில் அதிகம் முரண்படுமோ அந்த அசைவைச் செய்து பார்த்தது. காலில் ஒரு துண்டைக் கழற்றியதும் தானே வேறு நடை கண்டுபிடித்தது.

அடுத்து, உணர்வு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு விளக்கமாக உளவியலாளர் பெர்னார்ட் பார்ஸ் 1988இல் முன்வைத்த பொது மேடை. பேட்டரி, சாய்வு, கணிப்புப் பிசகு எல்லாம் போட்டி போட்டு, ஒரு நேரத்தில் ஒரே செய்தி மேடை ஏற வேண்டும், அதை எல்லாப் பகுதியும் படிக்க வேண்டும். கரையில் மீன் ஏலம் மாதிரிதான், பத்துப் பேர் கத்தினாலும் கடைசியில் நிற்பது ஒரு விலை, அது எல்லார் காதிலும் விழும். மேடையில் இடத்தைத் தாராளமாகக் கொடுத்துவிடாதீர்கள், போட்டியே இருக்காது.

உணர்வுக்கு வேறொரு கோட்பாடு சொன்ன மூளை ஆய்வாளர் டோனோனியின் வழிக்காரர்கள் இதை ஏற்க மாட்டார்கள். சாதாரண சிப்பில் எந்த மென்பொருள் ஓடினாலும் உணர்வு என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது, மின்சுற்றே பின்னிப் பிணைந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அதற்குச் சிப்பையே மாற்ற வேண்டும், நம்ம பட்ஜெட் தாங்காது.

ஒன்று மறந்துவிட்டேன். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், கரையோரம் அமைதியாகத்தான் தெரியும், ஆனால் காற்று கடலுக்குள் தள்ளும். படகில் தங்கூசி (மீன்பிடி நைலான் நரம்பு) கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். என் முதல் படகு அப்படித்தான் போனது.