லேசர் பிரிண்டரில் பழைய பில்: கடைசி வரிகள் அடுத்த தாளுக்குப் போனதைச் சரிசெய்தேன்

ஊசியால் தட்டி அச்சடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை எடுத்துவிட்டு லேசர் பிரிண்டரை மாட்டியதும் ஒவ்வொரு பில்லும் இரண்டு தாளாக வந்தது. மொத்தத் தொகை தனியாக இரண்டாம் தாளில். வலது ஓரத்தில் தொகையின் கடைசி இலக்கங்களும் காணோம்.

காரணம் எளிய கணக்குதான். பழைய பிரிண்டரில் ஓடிய தொடர்தாளில் ஒரு பக்கம் 11 அங்குலம். அங்குலத்துக்கு 6 வரி வீதம் 66 வரி. எங்கள் பில் மென்பொருள் அந்த 66-ஐ நம்பியே எழுதப்பட்டது. ஏ4 தாள் அதைவிட நீளம்தான், 11.69 அங்குலம். ஆனால் லேசர் மேலும் கீழும் அரை அங்குலம் விட்டுவிடுகிறது. மிஞ்சுவது 64 வரி.

பலர் எழுத்தளவைக் குறைக்கச் சொல்வார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. வாடிக்கையாளர் படிக்க வேண்டிய தாள் அது. வரி இடைவெளியை மட்டும் நெருக்கினேன். லேசர் பிரிண்டருக்குக் கட்டளையிடும் பிசிஎல் மொழியில் அதன் அலகு அங்குலத்தில் 48-இல் ஒரு பங்கு. இயல்பான 8-ஐ 7.7 ஆக்கியதும் 66 வரியும் ஒரே தாளில் அடங்கின. கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

அகலத்துக்கு வேறு வழியில்லை. அங்குலத்துக்கு 10 எழுத்து என்றால் 80 எழுத்துக்கு 8 அங்குலம் வேண்டும், ஓரம் போக ஏ4-இல் அவ்வளவு இடம் கிடையாது. 12 எழுத்தாக மாற்றினேன்.

டாட் மேட்ரிக்ஸுக்கான பழைய எப்சன் கட்டளைகளை மென்பொருளின் அமைப்பிலிருந்து நீக்குங்கள்; இல்லாவிட்டால் தலைப்பில் குப்பை எழுத்துகள் அச்சாகும். கார்பன் நகலும் இனி வராது, பிரதிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.