சாயப்பட்டறையில் ரசாயனக் கோப்பு தொடங்குவது எப்படி?

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் நான் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஐப்பசி மழை விடாமல் பெய்த ஓர் இரவில், மூடி சரியாக இறுகாத ஹைட்ரோஸ் (சாய வேலைக்குப் பயன்படும் ஒரு ரசாயனத் தூள்) டிரம்மிலிருந்து புகை கிளம்பியது. கந்தக நெடி தாங்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற பையன் நல்ல எண்ணத்தில்தான் ஒரு மக் தண்ணீரை எடுத்து ஊற்றினான். குப்பென்று பற்றி அவன் முன்கை வெந்துவிட்டது. அந்தச் சரக்குக்கான பாதுகாப்புத் தாள் எங்களிடம் இல்லாமல் இல்லை. ஆங்கிலத்தில், ஆபீஸ் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது.

அந்தத் தாளைத்தான் எஸ்.டி.எஸ். (சேஃப்டி டேட்டா ஷீட்) என்கிறோம். பழைய ஆட்கள் எம்.எஸ்.டி.எஸ். என்பார்கள். சரக்கு எது, அதனால் என்ன ஆபத்து, மேலே பட்டால் என்ன செய்வது என்றெல்லாம் தயாரிப்பவர் 16 பகுதிகளாக எழுதித் தருவது. பீரோவில் இருக்கும் அதை டிரம்மைத் திறப்பவனின் கைக்குக் கொண்டுவருவதுதான் வேலை. ஒரு நோட்டும் ஒரு ஃபைலும் இருந்தால் இன்றே தொடங்கலாம்.

படி 1: குடோனை நடந்து பாருங்கள்

பில்லைப் பார்த்துப் பட்டியல் போடாதீர்கள். மூலையில் கிடக்கும் பாதி கேன், லேபிள் கிழிந்த டிரம், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த அமிலம் எதுவும் பில்லில் இருக்காது. கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எழுதுங்கள்.

பெயரில் மட்டும் கவனம் தேவை. நாம் ‘ஹைப்போ’ என்கிறோம். ஒருவருக்கு அது வெளுக்கப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட். இன்னொருவருக்கு, அந்தக் குளோரினைப் போக்கப் போடும் சோடியம் தயோசல்ஃபேட். இரண்டும் வேறு வேறு சரக்கு. அதனால் பெயருக்குப் பக்கத்தில் சி.ஏ.எஸ். எண்ணையும், அதாவது ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உலகம் முழுக்க வழங்கும் அடையாள எண்ணையும், எழுதுங்கள். முதலாவதற்கு 7681-52-9, இரண்டாவதற்கு 7772-98-7. பெயர் ஊருக்கு ஊர் மாறினாலும் இந்த எண் மாறாது.

படி 2: சப்ளையரிடம் தாளைக் கேட்டு வாங்குங்கள்

கூச்சப்பட வேண்டியதில்லை. அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் இடத்தில் இந்தத் தாள் இருக்க வேண்டும், கேட்டால் பார்க்கக் கிடைக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளே சொல்கின்றன. 1984-இல் போபாலில் அத்தனை உயிர்கள் போன பிறகு வந்த விதிகள் அவை.

வந்த தாளை டிரம்மோடு ஒப்பிடுங்கள். 50% ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கிவிட்டு 35% பெராக்சைடின் தாளை ஃபைலில் போட்டால் பயனில்லை. காஸ்டிக் சோடா என்ற காரத்திலும் செதில் வேறு, கரைசல் வேறு. தாள் திருத்தப்பட்ட தேதியையும் பாருங்கள். பழசாக இருந்தால் புதியது கேளுங்கள்.

படி 3: வரிசையாகப் படிக்காதீர்கள்

புதிதாகப் படிப்பவர் 1-லிருந்து 16 வரை போனால் பாதியில் மூடி வைத்துவிடுவார். முதலில் 2-ஆம் பகுதிக்குப் போங்கள். சிவப்புக் கட்டம் போட்ட சாய்சதுரப் படங்கள் அங்கே இருக்கும். மொத்தமே ஒன்பது படங்கள்தான், ஒரே நாளில் பழகிவிடும். கையின் மேல் ஏதோ ஊற்றுவது போன்ற படம் என்றால் பட்ட இடத்தை அரித்துத் தின்னும். வட்டத்தின் மேல் தீ என்றால் மற்றதை எரியவைக்கும். பெராக்சைடில் இதைப் பார்க்கலாம்.

அப்புறம் 4, முதலுதவி. காஸ்டிக் கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் இமையை விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும், பிறகு ஆஸ்பத்திரி. காரத்துக்கு அமிலம் மாற்று என்று நினைத்து எலுமிச்சையோ வினிகரோ விடவே கூடாது.

5-ஆம் பகுதி தீயணைப்பு. ஹைட்ரோஸ், அதாவது சோடியம் டைதயோனைட், கொஞ்சம் ஈரம் பட்டாலே தானாகச் சூடேறிப் பற்றும். மணலைக் கொட்டி மூடினாலும் அடங்காது, எரிய அதற்கு வெளிக்காற்று தேவையில்லை. தொலைவில் நின்று வெள்ளமாகத் தண்ணீர் அடித்தால்தான் நிற்கும். ஒரு மக் தண்ணீர் பற்றவைக்கும், நூறு குடம் அணைக்கும். இதை யாராலும் ஊகிக்க முடியாது. அந்தப் பையன் மேல் தப்பே இல்லை என்று நான் இன்றைக்கும் சொல்வது அதனால்தான். கூடவே சல்ஃபர் டை ஆக்சைடு வரும் என்பதால், தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டுவிட்டு ஆட்களை வெளியேற்றுவதே முதல் வேலை.

7, 10 இரண்டையும் சேர்த்துப் படித்தால் குடோனில் எதை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும். ஹைப்போகுளோரைட் பக்கத்தில் எந்த அமிலமும் கூடாது, கலந்தால் குளோரின் வாயு வரும். பெராக்சைடும் ஹைட்ரோஸும் ஒரே சுவரோரம் இருக்கக் கூடாது.

8-ஆம் பகுதியில் கையுறை. ‘தகுந்த கையுறை’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் விடாதீர்கள், எந்த ரப்பர் என்று சப்ளையரிடம் கேளுங்கள். துணிக் கையுறை காஸ்டிக்கை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துவிடும்.

மற்ற பகுதிகளைப் பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

படி 4: ஒரு பக்கமாகச் சுருக்கிச் சுவரில் ஒட்டுங்கள்

ஒரு சரக்குக்கு ஒரு பக்கம். ஆபத்து, அணிய வேண்டியது, கண்ணில் பட்டால், கொட்டினால், தீப்பிடித்தால், சேர்க்கக் கூடாதது. எழுத்து பெரிதாக இருக்கட்டும். தமிழில் மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். நம் பட்டறைகளில் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் நிறைய. இந்தியிலோ ஒடியாவிலோ அவர்களில் ஒருவரையே எழுதச் சொல்லுங்கள். சிறிய கேனுக்கு மாற்றி ஊற்றினால் அதன் மேலும் பெயரும் படமும் வேண்டும். முழுத் தாள்கள் உள்ள ஃபைலை, பூட்டில்லாத இடத்தில், ஷிஃப்டில் எல்லோருக்கும் தெரிய வையுங்கள்.

படி 5: ராத்திரி ஷிஃப்டில் போய்க் கேளுங்கள்

மாஸ்டரிடமோ சூப்பர்வைசரிடமோ கேட்க வேண்டாம். டிரம் தூக்கும் ஆளிடம், “தம்பி, இது கண்ணில் தெறித்தால் என்ன பண்ணுவே?” என்று கேளுங்கள். அவர் தயங்கினால் சுவரில் ஒட்டிய உங்கள் பக்கத்தைத் திருத்தி எழுதுங்கள், அவரைத் திட்டாதீர்கள்.

ஒவ்வொரு எஸ்.டி.எஸ்.ஸுக்கும் கூடுதலாக ஒரு நகல் எடுத்து ஃபைலின் பின்பக்கம் செருகி வையுங்கள். 108 வந்து ஆளை ஏற்றும்போது அந்த நகலும் கூடவே போக வேண்டும். மருத்துவர் முதலில் கேட்பது என்ன பட்டது என்றுதான்.